வேம்பு வாங்கு

செரி மரத்தில் மேசை செய்யும் வீடியோக்களை நாங்கள் எத்தனை பார்த்திருப்போம் என்று கணக்கில்லை. 2020 உயர்தரப் பரீட்சை கொரோனாவால் பிந்தி, ஐப்பசி கார்த்திகையில் நடந்து முடிந்த காலம். இரவு டேட்டா தொடங்கினதும் மூண்டு பேரும் ஒரு போனைச் சுற்றி இருந்துவிடுவோம். எங்கேயோ ஒரு தாடிக்காரர் வாய் திறக்காமல் ஒரு பலகையை எடுத்து வைப்பார். சீவுளியை ஒருக்கா இழுப்பார். கடதாசி போலச் சீவல் சுருண்டு விழும். கடைசியில் எண்ணெய் பூசுவார். வெளிறிக் கிடந்த பலகை ஒரே துடைப்பில் தேன் நிறமாகும். அந்த இடம் வந்ததும் மூண்டு பேரும் ஒரே நேரத்தில் "ஆ" என்போம்.

செரி மரத்தின் விசேஷமே அந்த நிறம்தான். சீவின புதிதில் இளஞ்சிவப்பு. வெளிச்சம் பட்டுப் பட்டு மாதக்கணக்கில், வருசக்கணக்கில் சிவந்து கறுக்கும். புது மேசையில் ஒரு புத்தகத்தைக் கன நாள் விட்டு எடுத்தால் அந்த இடம் மட்டும் வெளிறி, நாலு மூலையாக அச்சு விழுந்திருக்கும். அதற்குச் சாயம் பூசினால் திட்டுத் திட்டாய்ப் பிடிக்கும், சும்மா எண்ணெய் பூசி வெயிலில் வை, மிச்சத்தை மரமே பார்த்துக்கொள்ளும் என்று அந்த வீடியோக்களில் சொல்வார்கள். எங்களுக்கு அது பிடித்திருந்தது. பொறுமையாக இருந்தால் தானாக வடிவாகும் ஒரு சாமான்!

ஆனால் உடுவிலில் செரி மரம் ஏது? அது வட அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்துக் காட்டு மரம். எங்கட ஊர்ச் சின்னனுகள் சில பேர் செரி என்று சொல்லிப் பிடுங்கித் தின்னுறது ஜாம் பழம். அந்த மரத்தின் கொப்பு ஒரு பிள்ளை ஏறினாலே முறியும். அதில் கதிரை செய்யேலாது, ஊஞ்சல் கட்டவும் பயம்.

இதில் ஒரு பகிடி இருக்கு. செரி மரத்தில் தளபாடம் செய்யும் ஊர்க்காரர் உடுவிலுக்கு 200 வருசத்துக்கு முதலே வந்திருக்கினம். 1816 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரிமாரில் கனபேர் நியூ இங்கிலாந்துப் பக்கத்து ஆட்கள். அங்கே 18 ஆம் நூற்றாண்டிலேயே செரியில் மேசையும் அலுமாரியும் செய்கிறது வழக்கம். அவர்கள் உடுவிலில் 1824 இல் தொடங்கின பெண்கள் விடுதிப் பாடசாலைதான் இண்டைக்கு உடுவில் மகளிர் கல்லூரி. எங்களில் இரண்டு பேர் அங்கே படித்தவர்கள். ஆனபடியால் அந்த வருசங்கள் எங்களுக்கு மனப்பாடம். மறுபக்கம் போனதும் உண்டு. வல்வெட்டித்துறையில் கட்டின அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 இல் கடலைக் கடந்து அமெரிக்காவின் மசாச்சுசெற்சில் உள்ள குளொஸ்டர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கப்பல் கட்டுகிற தச்சருக்கு எங்கட பக்கம் ஓடாவி என்று பெயர். வீட்டுக்குக் கதிரை, கதவு செய்கிறவரையும் ஓடாவியார் என்றுதான் சொல்லுறது. கடலுக்கும் கதிரைக்கும் ஒரே பெயர்.

பரீட்சை முடிந்து சில வாரத்தில், மார்கழி தொடக்கத்தில், புரெவி வந்தது. இரண்டு இரவு மழை. வெள்ளம் படி ஏறி விறாந்தை விளிம்புக்கு வந்து நிண்டது. எங்களில் ஒருத்தியின் அம்மம்மா வீட்டு வளவில் நிண்ட வேம்பு, கிணற்றுக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் நடுவில் ஒண்டையும் இடிக்காமல் சரிந்து விழுந்தது. (அம்மம்மா ஒருத்திக்குத்தான் சொந்தம். கூப்பிடுகிறது மூண்டு பேரும்.) விடிய நாங்கள் போய்ப் பார்க்க, வேரோடு பிடுங்கின குழிக்குள் தவளை கத்திக்கொண்டிருந்தது. அம்மம்மா குடையைப் பிடித்தபடி மரத்தைத் தடவிக்கொண்டு நிண்டா. அவ கலியாணம் முடித்து வந்த வருசம் வைத்த மரமாம்.

விறகுக்கு வெட்டிக் கொடுக்கச் சொல்லி இரண்டு பேர் அண்டைக்கே வந்து கேட்டார்கள். "நாங்கள் அரிஞ்சு பலகையாக்கப் போறம்" என்று எங்களில் ஒருத்தன் சொல்லிவிட்டான். யோசித்துச் சொன்னதில்லை. வீடியோ பார்த்த வாய் சொன்னது.

வேம்பில் தளபாடம் செய்கிறது யாழ்ப்பாணத்தில் புதுசில்லை. வன்னிக் காட்டு முதிரையும் பாலையும் கதவு நிலைக்கும் தூணுக்கும் வரும். பலா, தேக்கு வசதியான வீடுகளுக்கு. வளவில் நிக்கிற வேம்பு மிச்சப் பேருக்கு. கசப்பு மரம் என்றபடியால் பூச்சி சுலபமாகத் தொடாது. அது மலைவேம்பு, மகோகனி எல்லாம் சேர்ந்த குடும்பம். வைரம் பாய்ந்த பாகம் செந்தவிட்டு நிறம். எங்களுக்கு இந்தச் செய்திகள் ஒண்டும் அப்போது தெரியாது. மரக்காலையில் வாள் முதல் தரம் மரத்தைப் பிளந்து உள்ளுக்குள் இருந்த சிவப்பு வெளியே வந்தபோது, போனில் பார்த்த அதே நிறம் என்று மூண்டு பேரும் கத்தினோம். வாள் ஓட்டினவர் சிரித்தார். அதே நிறமில்லை. ஆனால் எங்களுக்கு அதுதான் செரி.

அம்மம்மா மட்டும், "அம்மாள் மரத்தில குண்டி வைச்சு இருக்கிறதோ?" என்று இரண்டு நாள் முகம் சுழித்துக்கொண்டு இருந்தா. பிறகு அவவே ஒரு வழி கண்டுபிடித்தா. வீட்டுக்குச் செய்ய வேண்டாம், சந்தியில் இருக்கிற வாசிகசாலைக்கு ஒரு வாங்கு செய்து குடுங்கோ, நாலு பேர் இருந்து பேப்பர் வாசிச்சால் அம்மாள் கோவிக்க மாட்டா. அந்த வாசிகசாலையில் அப்போது பிளாஸ்ரிக் கதிரை ஆறு. அதில் இரண்டு கால் உடைந்து ஒண்டுக்குமேல் ஒண்டாய்ப் போட்டிருந்தது.

வாங்கு என்ற சொல் எங்கட பக்கத்துக்கு வெளியே சில பேருக்குப் புரியிறதில்லை. அது போர்த்துக்கீசர் விட்டுப் போன சொல். கதிரை, மேசை, அலுமாரி, சன்னல் எல்லாம் அப்படித்தான். மேசையில் இழுக்கிற லாச்சி ஒல்லாந்தருடையது. பாயும் பெட்டகமும் கட்டிலும் மட்டும் எங்கட சொந்தச் சொல். நாற்காலி என்று தமிழ்ப் புத்தகத்தில் படித்தோம், வீட்டில் ஒருத்தரும் சொல்லிக் கேட்டதில்லை.

பலகையை உடனே தொடக்கூடாது, ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு வருசம் காய விடவேணும் என்று வீடியோக்காரர்கள் சொன்னார்கள். எங்கட பலகை ஒண்டரை அங்குலம். மாட்டுக்கொட்டிலுக்குள், நிலத்தில் கல் வைத்து, பலகைக்குப் பலகை நடுவில் சின்னச் சட்டம் வைத்து அடுக்கினோம். மேலே இரண்டு தகரம். அதோடு வேலை முடிந்தது என்று நினைத்தோம். பலகையின் இரண்டு தலைப்பக்கமும் பெயின்றோ மெழுகோ பூசி அடைக்கவேணும், இல்லாவிட்டால் தலைப்பக்கம் முதலில் காய்ந்து வெடிக்கும். அதை நாங்கள் பார்க்காமல் தட்டிவிட்ட வீடியோவில் சொல்லியிருப்பார்கள் போல. ஆறு மாதத்தில் ஒவ்வொரு பலகையிலும் அரை அடிக்கு வெடிப்பு. ஆறடி வாங்கு என்று கீறி வைத்திருந்த படம் அண்டைக்கே ஐந்தடியாகிவிட்டது.

2022 வந்தது. அந்த வருசத்தைப் பற்றி எங்கட வயதுக்காரருக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. பெற்றோல் வரிசை, பால்மா வரிசை, மணிக்கணக்கில் கரண்ட் இல்லை. காஸ் சிலிண்டர் வரவேயில்லை. எல்லா வீட்டிலும் அடுப்புக்கல்லுத் திரும்பி வந்தது. வளவுகளில் கிடந்த பன்னாடை, கொக்காரை, பழைய வேலிக்கதியால் எல்லாம் முடிந்தபிறகு விறகு விலை ஏறத் தொடங்கிச்சுது. ஒரு நாள் பின்னேரம் நாங்கள் கொட்டிலுக்குப் போக, அடுக்கின் ஓரத்தில் கிடந்த வெளிறுப் பலகை இரண்டைக் காணவில்லை. குசினியில் அம்மம்மா ஊதாங்குழலோடு இருந்தா. ஒண்டும் சொல்லாமல் எங்களைப் பார்த்தா. நாங்களும் ஒண்டும் சொல்லவில்லை. அண்டைக்கு அந்த அடுப்பில் வெந்த புட்டைத்தான் நாங்களும் சாப்பிட்டோம். சரியான கசப்பான புகை அது.

அவவுக்குத் தளபாடத்தில் பெரிய பற்று இல்லாமல் போனதுக்கு வேற காரணம் இருக்கு. 1995 ஐப்பசி முடிவில் வலிகாமம் முழுக்க ஒரே இரவில் எழும்பிப் போனபோது, அவ பூட்டிவிட்டுப் போன வீட்டில் ஒரு முதிரைப் பெட்டகம், தேக்குக் கட்டில், ஆறு கதிரை, ஒரு சாய்மனைக் கதிரை இருந்தது. 96 இல் திரும்பி வந்து பார்க்க நிலைகளில் கதவே இல்லை. சாய்மனைக் கதிரையின் சட்டம் மட்டும் முருங்கைக்குக் கீழே கிடந்ததாம், துணி இல்லாமல். "ஆர் எடுத்தாலும் ஆரோ ஒராள் அதில படுத்திருப்பான். எரிச்சிருந்தாலும் ஆரோ கஞ்சி காய்ச்சியிருப்பான்" என்று சொல்லுவா. அந்தச் சட்டத்துக்குப் பிறகு துணி போட்டு இப்பவும் விறாந்தையில் கிடக்குது. நாங்கள் அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்துத்தான் பொருத்து எப்படி இருக்குமென்று படித்தோம். ஒரு இரும்பாணி இல்லை. ஒரு கட்டையில் துளை, மற்றக் கட்டையில் அந்தத் துளைக்கு அளவாய்க் கழுந்து, குறுக்கே ஒரு மர ஆணி. அவ்வளவுதான். வெயிலும் மழையும் பட்டு முருங்கைக்குக் கீழே மாதக்கணக்கில் கிடந்தும் ஒரு பொருத்தும் ஆடவில்லை.

அதைச் செய்தவரை அம்மம்மாவுக்குத் தெரியும். செத்துப்போனார். அவருடைய மகன் இருக்கிறார், மருதனார்மடப் பக்கம். எழுபது கடந்தவர். அவரைத்தான் இந்தக் கட்டுரையில் ஓடாவியார் என்று சொல்கிறோம்.

2022 ஆவணியில் ஒரு ஞாயிறு அவரைத் தேடிப் போனோம். பட்டறை என்று பெரிதாக ஒண்டுமில்லை. ஒரு பத்தி, அதற்குள் புளியங்கட்டை ஒண்டு, சுவரில் உளிகள் அளவுப்படி. பக்கத்துக் கோயிலின் வாகனத்துக்குக் கால் ஒண்டு செய்துகொண்டிருந்தார். அந்தப் பக்கத்தில் மரவேலை என்றால் கதை இணுவில் கந்தசுவாமி கோயில் மஞ்சத்துக்குப் போகாமல் இராது. பெரிய சன்னியாசியார் முன்னின்று செய்வித்த, தட்டுத் தட்டாய்ச் சிற்பம் ஏறின அந்த மஞ்சம். தைப்பூசத்துக்கு அது வீதியில் அசைந்து வரும்போது சனம் சாமியைப் பார்க்கும், தான் சில்லையும் பொருத்தையும் பார்ப்பேன் என்றார்.

நாங்கள் வந்த விசயத்தைச் சொன்னோம். எங்களில் இரண்டு பேர் பெட்டையள் என்பதை அவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"பிள்ளையள் உளி பிடிக்கப் போறியளோ?"

"ஓம் ஐயா."

"கை வெட்டினா கொம்மா எனக்கு ஏசக்கூடாது."

அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு.

முதல் மாதம் அவர் எங்களை மரத்தைத் தொட விடவில்லை. உளி தீட்ட விட்டார். தண்ணீர்க் கல்லில் உளியைச் சரித்துப் பிடித்து, ஒரே கோணத்தில், ஒரே அமத்தலில். கை ஆடினால் முனை உருளும். முன்கை மயிர் வழிக்குதோ என்று தன் கையிலேயே பார்ப்பார். எங்கட உளி எதுவும் ஒரு மாதமாக ஒரு மயிரையும் வழிக்கவில்லை. பிறகுதான் சீவுளி. மரத்தில் நார் ஓடுகிற பக்கம் சீவ வேணும், எதிராய்ச் சீவினால் சிராய் பிய்ந்து வரும். எந்தப் பக்கம் ஓடுகிறது என்று எப்படித் தெரியும்? "தடவிப் பார். பூனைக்குத் தெரியுமே, எந்தப் பக்கம் தடவினா சுகமெண்டு." வேம்புத்தூள் மூக்கில் ஏறும், உதட்டில் ஒட்டும். வேலை முடிந்து குடிக்கிற தேத்தண்ணி எவ்வளவு சீனி போட்டாலும் கசக்கும்.

பலகையில் வைரம் எது, வெளிறு எது என்று பிரிக்கப் பழக்கினார். நடுவில் சிவப்பாய் இருக்கிறது வைரம், ஓரத்தில் வெளிறு. காலுக்குப் பனை போட்டால் என்ன என்று நாங்கள் கேட்டோம், யாழ்ப்பாண அடையாளமாய் இருக்குமே என்று. அவர் சிரித்தார். பனைக்கு வைரம் வெளியிலை, உள்ளுக்குச் சோறு, கழுந்து வெட்டினால் நிக்காது. வீட்டுக்கு வந்து தேடினால், வெளியே வைரம் உள்ளதைப் புல் என்றும் உள்ளே வைரம் உள்ளதை மரம் என்றும் தொல்காப்பியத்து மரபியலே பிரித்து வைத்திருக்கு. இன்றைய தாவரவியலும் பனையை மரக்கூட்டத்தில் சேர்க்காமல் புல்லுப் பக்கம்தான் வைக்குது. பள்ளிக்கூடத்தில் தமிழுக்கு எடுத்த ஏக்கும் உயிரியலுக்கு எடுத்த பீயும் ஒரு நாளும் சந்தித்ததில்லை, இந்தப் பத்திக்குள்தான் சந்தித்தது.

இனிச் சொல்லப் போகிறது எங்களுக்கு லேசான விசயமில்லை.

இரண்டாவது மாதம் ஓடாவியார் பலகை பார்க்க அம்மம்மா வீட்டுக்கு வந்தார். அம்மம்மா அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டா. "நீ" போட்டுத்தான் கதைத்தா. அவவுக்கு எண்பத்துச் சொச்சம், அவருக்கு எழுபத்துச் சொச்சம், வயதுதான் காரணம் என்று வெளி ஆள் நினைக்கலாம். நாங்கள் வெளி ஆட்கள் இல்லை. விறாந்தையில் அவரின் தகப்பன் செய்த சாய்மனைக் கதிரை இருந்தது. பக்கத்தில் இரண்டு பிளாஸ்ரிக் கதிரை. நாங்கள் ஒண்டை இழுத்துப் போட்டு "இருங்கோ ஐயா" என்றோம். அவர் சிரித்துவிட்டுப் படியில் இருந்தார். எத்தனை தரம் சொல்லியும் படியில்தான். தேத்தண்ணி குடித்து, கிளாசைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

அண்டைக்கு இரவு நாங்கள் மூண்டு பேரும் சண்டை பிடித்தோம். அம்மம்மாவோடு கதைக்கவேணும் என்று ஒருத்தி. எண்பது வயது மனிசியோடு என்னத்தைக் கதைக்கிறது என்று மற்றவள். நாங்கள் "ஐயா" போட்டுக் கதைக்கிறதால் ஏதோ மாறிவிட்டது என்று நினைக்கிறது பொய் என்று அவன். அடுத்த ஞாயிறு, படியில் ஏன் இருந்தீர்கள் என்று அவரிடமே கேட்டோம். கேட்டிருக்கக் கூடாது என்று இப்போது படுகிறது. அவர் சீவுளியை நிற்பாட்டாமல், "உள்ளுக்கு இருந்து பழகேல்லை மோனை" என்றார்.

அவருக்கு ஒரு மகன். தகப்பனிடமே தொழில் பழகினவன், தொழிற்பயிற்சிச் சான்றிதழும் எடுத்தவன். இப்போது கட்டாரில், கொங்கிறீற்றுக்குப் பலகை அடிக்கிற வேலை. இங்கே ஒரு பட்டறை போட்டால் ஓடாத வேலையில்லை. ஏன் போனான்? "அவன் சொன்னான், இஞ்சை இந்தத் தொழிலைச் செய்தா தொழிலோட பேரும் வரும் எண்டு. அங்கை அவன் வெறும் வேலைக்காரன். அது அவனுக்குக் காணும்."

நாங்கள் இந்த வேலையை ஆசைக்குப் பழகுகிறோம். போட்டோ எடுத்துப் போடுகிறோம், ஆட்கள் பாராட்டுகினம். அவன் அதே உளியை வைத்துவிட்டு ஓடியிருக்கிறான். இதை எழுதலாமா என்று எங்களுக்குள் கனநாள் இழுபறி. எழுதாமல் வாங்கைப் பற்றி மட்டும் எழுதினால் அது தளபாடக்கடை விளம்பரம்தான்.

இன்னொண்டும் சொல்லவேணும். பழக்குகிறதுக்குக் காசு கொடுக்கவேணும் என்று எங்களுக்கு இரண்டு மாதமாகத் தோன்றவேயில்லை. குரு, சிஷ்யர் என்று ஏதோ சினிமா நினைப்பு. ஞாயிறு அவருக்கும் கூலி நாள் என்பது, ஒருக்கா அவர் வேற வீட்டு வேலையை விட்டுவிட்டு வந்ததாக வாய்தவறிச் சொன்ன பிறகுதான் உறைத்தது. பிறகு அரைநாட் கூலி கொடுத்தோம். முதலில் வேண்டாம் என்றார். இரண்டாவது தரம் எண்ணிப் பார்த்து மடியில் வைத்தார். எண்ணிப் பார்த்தது எங்களுக்கு ஆறுதலாக இருந்தது.

வாங்கின் அமைப்பு சுலபம். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு கால், காலை இணைக்கிற குறுக்குச் சட்டங்கள், இரண்டு பக்கத்தையும் கட்டுகிற ஒரு நீளச் சட்டம், மேலே ஒற்றைப் பலகை. நீளச் சட்டத்தின் கழுந்து மறுபக்கம் வெளியே வந்து நிற்கும், அதில் ஒரு துளை வெட்டி ஆப்பு இறுக்குகிறது. ஆடத் தொடங்கினால் ஆப்பில் ஒரு தட்டு. கடையில் வாங்குகிற அமுக்குப்பலகை அலுமாரி ஒருக்கா வீடு மாறினாலே ஸ்குறூ கழன்று தூளாய்க் கொட்டுறது எல்லா வீட்டிலும் நடந்ததுதான். மொறட்டுவைத் தேக்குத் தளபாடம் நல்லது, ஆனால் லொறி ஏறி இங்கே வந்து சேரும்போது அதின் விலை எங்கட ஆட்களுக்கு எட்டாது. நடுவில் தவணைக்கு எடுக்கிற அமுக்குப்பலகைதான் மிச்சம்.

மேல் பலகையைச் சட்டத்தோடு ஆணி அடித்து இறுக்கினால் முடிந்தது என்று நினைத்தோம். அவர் விடவில்லை. "மாரியில மரம் ஊதும், கோடையில சுருங்கும். நாலு பக்கமும் பிடிச்சு வைச்சா அது எங்கை போறது? வெடிக்கும்." நடுவில் மட்டும் மர ஆணியை இறுக்கச் சொன்னார். ஓரத்து ஆணிகளுக்குச் சட்டத்தில் வட்டத் துளைக்குப் பதிலாக நீளத் துளை. பலகை அங்கும் இங்கும் போய் வர இடம். பதினாலு அங்குல அகலப் பலகை கார்த்திகைக்கும் வைகாசிக்கும் நடுவில் எவ்வளவு மாறுகிறது என்று நாங்களே பென்சிலால் குறித்துப் பார்த்தோம். ஒரு நெல்லுத் தடிப்புக்கு மேல்.

கழுந்து வெட்டினதில் எங்கள் மூண்டு பேரில் அவன்தான் கெட்டிக்காரன். எங்களுடையது துளைக்குள் லொடலொட என்று ஆடும், அல்லது கொட்டாப்புளியால் அடித்துத் துளையே பிளக்கும். அவன் வெட்டினது கையால் பாதி போகும், மிச்சம் இரண்டு தட்டில் இறங்கும். ஓடாவியார் அதைப் பார்த்து ஒண்டும் சொல்லமாட்டார். அடுத்த கட்டையைத் தூக்கி அவனிடம் கொடுப்பார்.

அவனுக்குப் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. 2023 இல் கனடாவுக்குப் படிக்கப் போகிற அலுவல் தொடங்கினான். விசா சரிவந்தபோது வாங்கு கூடி நிண்டது, ஆனால் பொலிஷ் இல்லை. கார்த்திகை கடைசியில் பிளைட். போகமுதல் முடிக்கவேணும் என்று எங்களுக்கு அவதி. அவதியில் செய்தது எல்லாம் பிழை.

முதற்பிழை எண்ணெய். செரிக்குப் பூசுகிற ஆளிவிதை எண்ணெய் சுன்னாகத்தில் கிடைக்கவில்லை. எண்ணெய்தானே என்று தேங்காயெண்ணெய் பூசினோம். ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டுக் காய்ந்து தோலாய்ப் படியும். தேங்காயெண்ணெய் ஒரு நாளும் காயாது. வாங்கு அழகாய்ச் சிவந்தது, உண்மைதான், மூண்டு பேரும் "ஆ" என்றோம். ஒரு கிழமையில் தூசியும் கோழி இறகும் ஒட்டிப் பிசுபிசுத்தது. ஓடாவியார் வந்து விரலால் தொட்டு மணந்து பார்த்தார். "பொரிக்கப் போறியளோ?" என்று மட்டும் கேட்டார். உடைந்த கண்ணாடித் துண்டை எடுத்து, அதின் விளிம்பால் எப்படிச் சுரண்டுகிறது என்று காட்டிவிட்டுப் போனார். நாலு நாள் சுரண்டினோம்.

இரண்டாவது பிழை மழை. எண்ணெய் போய், சோக்குத் தூளில் செங்காவி கலந்து துவாரங்களை அடைத்து, சாண்ட் பேப்பர் போட்டு, பிறகு அரக்குப் பொலிஷ். அரக்கு என்றது ஒரு பூச்சி மரக்கொப்பில் கக்கிற பசை. பாண்டவரை எரிக்கக் கட்டின மாளிகையும் இதில்தான். காய்ந்த அரக்குத் தகடுகளை ஸ்பிரிட்டில் ஊறவிட்டால் ஒரு இரவில் கரையும். பழைய வேட்டித் துண்டுக்குள் பஞ்சை வைத்து முடிந்து, அதில் நனைத்து, வேகமாக, நிற்பாட்டாமல் தேய்க்கவேணும். கை ஒரு கணம் நிண்டால் அந்த இடத்தில் துணி ஒட்டும். மெல்லிசாய் ஒரு தடவை, காய விட்டு இன்னொரு தடவை, இப்படி எட்டு, பத்து. தை பிறக்கட்டும் என்று ஓடாவியார் முதலே சொன்னார். நாங்கள் கேட்கவில்லை. வெளியே மழை, உள்ளே ஈரம், நாங்கள் தேய்த்துக்கொண்டிருந்தோம். விடிய வந்து பார்க்க வாங்கு முழுக்கக் கண்ணில் புரை விழுந்த மாதிரி வெள்ளை. ஸ்பிரிட் ஆவியாகிற குளிரில் காற்றின் ஈரம் பொலிஷுக்குள் மாட்டிக்கொள்ளுமாம்.

அவன் அந்த வெள்ளையைப் பார்த்துவிட்டுத்தான் விமானம் ஏறினான்.

தை பத்துக்குப் பிறகு, நல்ல வெயில் நாலு நாள் பார்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து மறுபடி தொடங்கினோம். இரண்டு பேர். ஓடாவியார் கடைசி மூண்டு தடவையைத் தானே போட்டார். அந்தக் கை போகிற விதத்தை நாங்கள் போனில் எடுத்து அவனுக்கு அனுப்பினோம். எட்டு வடிவத்தில், மூச்சுவிடுகிற மாதிரி. அதற்கு அவன் ஒரு படம் அனுப்பினான். ரொறன்ரோவில் அவன் வாடகைக்கு இருக்கிற நிலவறையில், முந்தி இருந்தவர்கள் விட்டுப் போன ஒரு சின்ன மேசை. செரி. கீழே கவிழ்த்துப் பார்த்தானாம், எல்லாம் ஸ்குறூவாம்.

2024 மாசியில் வாங்கை லாண்ட்மாஸ்ரரில் ஏற்றி வாசிகசாலைக்குக் கொண்டுபோனோம். விழா ஒண்டுமில்லை. பேப்பர் வாசிக்க வருகிற இரண்டு பென்சனியர்மார் இருந்து பார்த்து "உறுதி" என்றார்கள். ஓடாவியார் சைக்கிளில் வந்தார். இருக்கவில்லை. குனிந்து, கீழ்ப்பக்கம் கையை விட்டு ஒவ்வொரு பொருத்தாகத் தடவினார். இடப்பக்கப் பின்காலில் கை நிண்டது. "இது தம்பி வெட்டினதெல்லே?" என்றார். ஓம் என்றோம். ஆப்பில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "சன்னல் வெயில் நேரே படாமல் கொஞ்சம் தள்ளிப் போடுங்கோ" என்று சொல்லிப் போனார்.

இதை எழுதுகிற கிழமை போய்ப் பார்த்தோம். சுடுதேத்தண்ணிக் கிளாஸ் வைத்து வெள்ளை வளையம் மூண்டு விழுந்திருக்கு. ஒரு மூலையில் ஆரோ கவராயத்தால் ஒரு பெயரின் முதலெழுத்தைக் கிண்டி, மற்ற எழுத்தைத் தொடங்கி விட்டிருக்கிறார்கள். வளையத்தைப் பற்றி ஓடாவியாரிடம் சொன்னோம். அரக்கு என்றால் அப்படித்தான், சூடு ஆகாது, துடைத்துவிட்டுத் திரும்பப் போடலாம் என்றார். ஸ்பிரிட் ஒரு போத்தல் வாங்கிவரச் சொன்னார். பழைய வேட்டித்துண்டு தன்னிடம் இருக்காம்.